கீழே ஏழு, மேலே ரெண்டு

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவள் பிறந்த ஊரையும் எழுதமாட்டேன். கரிசல்காட்டுப் பக்கம் ஓர் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தே ஒரு மழைக்காலம் போய்விட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்துபோய் வாசல் கேட்டைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வருவேன். இந்தப் பழக்கம் அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீடு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் அவர் இங்கே மனிதர், மற்ற நாளெல்லாம் போனில் தெரிகிற முகம். கீழ்வீட்டில் ஒரு பகுதியில் நான் இருக்கிறேன். மீதி மூன்று அறைகளையும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவேன். மாடியில் சின்னதாக ஒரு போர்ஷன். கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு, அதில்தான் அவளும் புருஷனும் பேச ஆரம்பித்த ஒரு பெண்குழந்தையும் குடிவந்தார்கள். புருஷனுக்குத் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுகுமா என்று கேட்பார்கள். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

“அக்கா, மாடிக்கு வர எத்தன வழி?”

“ஒரே படிதான். பக்கவாட்டுல இருக்கு.”

“பின்னாடி கேட்டு உண்டா?”

“உண்டு. சந்துல போய்ச் சேரும்.”

“இப்பமே சாமான் கொண்டாந்துரலாமா?” என்றாள். சாமான் என்று வந்தது இரண்டு பை, ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் குடம். இவள் யாரையாவது ஏமாற்றிவிட்டு வந்தவளாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடக் கோணல். என் வீட்டுக்காரரே சொல்லுவார்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அவள் வேலை தெரிந்தவள் என்று தெரிந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் வெந்நீர் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லி மாளாமல், அட்டையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்றைக்கு மூன்று அறையும் நிறைந்து வழிந்தது. மத்தியானம் வீட்டுக்காரர் கூப்பிடுகிற நேரம், என் போனில் நெட் இல்லை. அறைக்காரர்கள் ஜோராகப் படம் பார்க்கிறார்கள், வீட்டுக்காரி எனக்கு இல்லை. நெட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது அவள் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று கேட்டாள்.

“அக்கா, நான் பாக்கட்டுமா?”

ரவுட்டர் என் முன்னறையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் போனிலேயே எதையோ திறந்து ஐந்து நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்.

“நம்பர் தீந்துபோச்சுக்கா. உள்ள வார ஒவ்வொரு போனுக்கும் இது ஒரு நம்பர் குடுக்கும். நெட்டுக்காரரு முப்பது நம்பர்தான் வச்சிருக்காரு. ஒருக்கா வாங்குனா ஒரு நாள் முழுக்க அவனுக்குத்தான். நேத்து வந்தவன் ரூமக் காலி பண்ணிட்டுப் போயிட்டான், சாவிய மட்டும் கையோட கொண்டுபோயிட்டான். அடுத்தாளுக்கு எங்கன ரூமு?”

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. சாவியோடு போன ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளை அவள் இரண்டு மணி நேரமாகக் குறைத்தாள். ஆள் போய் இரண்டு மணி நேரம் ஆனால் சாவி தானாகத் திரும்பிவிடும். என் போன், டீவி, வாசல் கேமரா எல்லாவற்றுக்கும் என்றைக்கும் மாறாத நம்பராக ஒதுக்கினாள். ரவுட்டருக்குள் நுழைய நெட்டுக்காரர் போட்டிருந்த பழைய ரகசியச் சொல்லையும் மாற்றினாள். கடைசியாக என் போனில் அந்த லிஸ்ட்டைத் திறந்து காட்டினாள். வீட்டுக்குள் எந்தெந்தப் போன் இருக்கிறதோ அத்தனையும் பெயரோடு வரிசையாகத் தெரிந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் அவள் குரல் படியிலிருந்து வரும்.

“அக்கா, கீழ ஏழு, மேல ரெண்டு. சரியா?”

நான் அறைகளை மனசுக்குள் எண்ணிப்பார்த்து, “சரிதான் புள்ள” என்பேன். எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் அவளால் சும்மா இருக்க முடியாது. ஒருநாள் என் வீட்டுக்காரர் கொடுத்துவிட்ட ஒரு பல்பு வந்தது. போனிலேயே எரிய வைக்கலாம், நிறம் மாற்றலாம் என்று அவருக்குப் பெருமை. நான் மாட்டிவிட்டு மறந்துவிட்டேன். மறுநாள் லிஸ்ட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள், பரணில் பார்த்தாள். சோறு வைக்கவில்லை, குழந்தைக்குப் பால் காய்ச்சவில்லை. கடைசியில் எனக்குத்தான் பல்பு ஞாபகம் வந்தது. ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றிக் கை சுடச்சுட வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகையாகிவிட்டது.

அன்றைக்குத்தான் சொன்னாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவள் அவள். அவளுடைய அண்ணன், “எங்கன கண்டாலும் ரெண்டு பேரயும் வெட்டாம விடமாட்டேன்” என்று தெருவில் நின்று சொல்லியிருக்கிறான். சொன்னதோடு விடவுமில்லை. முதலில் குடியிருந்த ஊருக்கு அரிவாளோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அரைமணி முன்னால் யாரோ தகவல் சொன்னதால் இவர்கள் தப்பினார்கள். அப்போது அவளுக்கு நிறைமாதம்.

“போலீசுல சொல்லலாம்லா?” என்றேன்.

“எங்க சித்தப்பாவே போலீசுதான்க்கா.”

அன்று முதல் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சந்தேகப்பட்டதற்காக மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளைக் காலி செய்யச் சொல்லிவிடலாமா என்றும் அதே மனசுக்குள் ஒருமுறை நினைத்தேன். அதை மறைப்பானேன்.

அவள் நடமாட்டத்துக்கு அதன் பிறகு அர்த்தம் புரிந்தது. துணியை முன்பக்கம் காயப்போடமாட்டாள். குழந்தையை வாசலில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், பாப்பாதான். லிஸ்ட்டில் தன் போனுக்குப் ‘பிரிண்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள், புருஷன் போனுக்கு ‘ஸ்கேனர்’. எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது. பிரிண்டருக்கு ஐந்தாம் நம்பரை நிரந்தரமாக ஒதுக்கியிருந்தாள். “யாரும் லிஸ்ட்டப் பாத்தாக்கூட ஆபீஸ் சாமான்னு நினைச்சுக்கிடுவான்” என்றாள். வீட்டு ரவுட்டரை வேறு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. பயந்தவளிடம் நியாயம் பேசுவதைப்போல மடத்தனம் கிடையாது.

அவளுக்கு அந்த வேலையில் பிடித்த இடம் ஒன்று இருந்தது. அதைப் பேசும்போது மட்டும் முகம் தெளியும்.

“அக்கா, உள்ள நாம பத்துப்பேரு இருக்கோம். வெளிய இருந்து பாக்கவனுக்கு இந்த வீடு பூரா ஒத்த நம்பர்தான். உள்ள யாரு என்ன கேட்டாலும் ரவுட்டர் தன் நம்பரப் போட்டுத்தான் வெளிய கேக்கும். பதில் வந்ததும், இது இன்னாரு கேட்டதுன்னு ஞாபகம் வச்சு அவங்க கையில குடுத்துரும். ஆனா யாரும் கேக்காம வெளிய இருந்து ஒருத்தன் வந்து தட்டுனான்னு வைங்க, யாரத் தேடி வந்தான்னு ரவுட்டருக்குத் தெரியாது. உள்ள விடாது. அப்படியே வாசலோட போகவேண்டியதுதான்.”

அதைச் சொல்லிவிட்டு ரவுட்டரின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைப்பாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அப்படிப் பிரியமாகத் துடைத்த இன்னொரு ஆளை நான் கண்டதில்லை.

இந்தப் பிடிவாதத்தில் என் வீட்டுக்காரரும் மாட்டினார். வாசல் கேமராவை அங்கிருந்தே பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ரவுட்டரில் அதற்கென்று ஒரு வழியைத் திறந்துவிட்டால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கேட்கச் சொன்னேன்.

“மாட்டேன் அண்ணாச்சி” என்றாள்.

“ஏம்மா?”

“வெளிய இருந்து உள்ள வார வழி ஒண்ணத் தொறந்தா அதுல நீங்க மட்டும் வரமாட்டீங்க.”

“எம் வீட்ட நான் பாக்கக் கூடாதா? இது என்ன கூத்தா இருக்கு!”

“அக்கா தினமும் வீடியோவுல வாசலக் காட்டுவாங்க அண்ணாச்சி. உள்ள இருந்து கூப்புடுதது பயமில்ல.”

அவர் என்னிடம் பல்லைக் கடித்தார். “யாருட்டி அவ, எனக்கே எம் வீட்டக் காட்டமாட்டேங்கா?” காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், ஆனால் பத்துப்பேர் தங்கியிருக்கிற அறையில் இருக்கிறவர். தினமும் மத்தியானம் போனைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு வாசலைக் காட்டினேன்.

அண்ணனைப் பற்றி அவள் பயத்தோடு மட்டும் பேசினாள் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய முதல் சம்பளத்தில் அவனுக்கு ஒரு போன் வாங்கிக்கொடுத்தாளாம். சனிக்கிழமைதோறும் அவர்கள் அம்மை உளுந்த வடை சுடுவாள். இவளுக்கு அதில் உயிர் என்று நாலு வடையைத் தூக்குச்சட்டியில் தனியாக எடுத்துவைப்பாள். அண்ணன்காரன் வந்து அதைத்தான் தின்பான். அதனால் புதுப்போனுக்குள் அவனுக்குத் தெரியாமல் ‘வடைதிருடன்’ என்று பெயர் பதிந்துவைத்தாள். அவனுக்கு அதை மாற்றவும் தெரியாது, பார்க்கவும் தெரியாது.

“இப்பமும் அந்தப் பேருதான் இருக்கும்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, யாரு வந்து கேட்டாலும் நான் இங்கன இல்ல. எங்க அம்மையே வந்து நின்னு அழுதாலும் இல்லன்னுதான் சொல்லணும். அவளப் பின்தொடந்து வந்துருவாங்க.”

“சொல்லுதேன்” என்றேன்.

அடுத்த வருஷத்துச் சீசனில், சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில், மூன்று ஆண்கள் காரில் வந்து இறங்கினார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒருவன் ஆதாரைக் காட்டிப் பதிவேட்டில் எழுதினான், மதுரைப் பக்கத்து விலாசம். மற்ற இருவரை நான் கேட்கவில்லை. அறையைக் காட்டினேன், சுவரிலிருந்த பாஸ்வேர்டையும் காட்டினேன். எப்போதும் செய்கிறதுதான்.

கால்மணி கழித்து என் போன் அடித்தது. மாடியிலிருந்து அவள்.

“அக்கா, மேல வாங்க.” குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

கையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, மாடியைக் கழுவப்போகிறவள்போல ஏறினேன். கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். லிஸ்ட்டில் புதிதாக மூன்று பெயர். மூன்றாவதாக, இங்கிலீஷ் எழுத்தில், வடைதிருடன்.

நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே அவன் யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“தேடித்தான் வந்திருக்கானா?”

“தெரியல. குளிக்க வந்த மாதிரிதான் இருக்கு.”

“அந்த போன வெட்டிவிட்ருவோமா? லிஸ்ட்டுலேந்து தூக்கிரு” என்றேன். அது முடியும் என்று அவள் எனக்குக் காட்டியிருந்தாள்.

“வேண்டாம்க்கா. நெட்டு வரலன்னு உங்களத் தேடுவான், நீங்க இல்லன்னா மேல ஏறி வருவான். இருக்கட்டும். இருந்தாத்தான் அவன் எங்க இருக்கான்னு நமக்குத் தெரியும்.”

புருஷனுக்குப் பேசினாள். பதினொரு மணிக்குப் பின்சந்தில் ஆட்டோவோடு நிற்கிறேன் என்றான். அவன் உள்ளே வரக்கூடாது, இவள் இறங்கிப்போகவேண்டும். படியிறங்கிப் பின்கேட்டுக்குப் போக இருபது அடிகூட இருக்காது. ஆனால் முற்றத்தைத் தாண்டவேண்டும். அண்ணன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்போது தாண்டிவிட்டால் தப்பு நடக்காது.

நான் கீழே வந்து அவர்களுக்கு டீ போட்டேன். தட்டை நீட்டும்போது மூன்று பேரில் அவன் எவன் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய மூக்கு, அவளுடைய புருவம். “அக்கா, வீட்ல நீங்க மட்டுமா?” என்றான். எல்லாரும் கேட்கிற கேள்விதான். “ஆமா” என்றேன்.

ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனார்கள். பேரருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று ஒன்பதரைக்கே முனகிக்கொண்டு திரும்பிவந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். ஏசி ஓடும் சத்தம் கேட்டது. அப்பாடா, இனித் தூங்குவார்கள் என்று நான் மாடிக்குப் போனேன். இரண்டு பையைக் கட்டினோம். குழந்தை வழக்கமாக வீட்டையே இரண்டாக்கும். அன்றைக்கு எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

“எங்கட்டி போகப்போற?”

“சொல்லமாட்டேன்க்கா. தெரிஞ்சா உங்கள்ட்டதான் கேப்பாங்க.”

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். மூன்று பெயரும் இருந்தன. வடைதிருடன் அறைக்குள் இருக்கிறான். கீழே ஏசியும் ஓடுகிறது. “இப்பம் போயிரலாம்” என்று சொன்னது நான்தான்.

குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அருவிக்குப் போகிறவன் போனைக் கொண்டுபோகமாட்டான். தண்ணீர் பட்டுவிடும், குரங்கு பிடுங்கிவிடும், அறையில் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு துண்டோடு போவான். ஏசியை ஓடவிட்டுத்தான் போவான், அது சீசன்காரனின் பிறவிக்குணம், தினமும் நான்தான் போய் அணைக்கிறேன். இது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. போனைக் கொண்டுபோயிருந்தாலும் பெயர் இரண்டு மணி நேரம் லிஸ்ட்டில் நிற்கும், அது அவளுக்கும் தோன்றவில்லை. பத்தரை மணிக்குத் தடையை எடுத்துவிட்டார்கள். நாங்கள் பை கட்டிக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் பின்கேட்டு வழியாகப் போயிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து முற்றத்தை ஒருதடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் பையோடு நான் இறங்கினேன். பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள். கடைசி நாலு படி இருக்கும்போது பின்கேட்டு கிரீச்சிட்டது.

அவன் தனியாக வந்தான். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, இடுப்பில் ஈரத்துண்டோடு படியின் அடியில் வந்து நின்றான். நிமிர்ந்து பார்த்தான்.

அவள் அசையவில்லை. அந்தக் குழந்தை எந்த ஆணைப் பார்த்தாலும் மாமா என்றுதான் கூப்பிடும், பால்காரரும் மாமா, நெட்டுக்காரரும் மாமா. அது அவனைப் பார்த்துக் கேட்டது.

“மாமா, குளுருதா?”

அவன் உதடு நடுங்கியது. குளிராலா என்று எனக்குத் தெரியாது. ஓர் அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். வழிவிட்டானா, விக்கித்துப்போய் நின்றானா, அதுவும் தெரியாது. அவள் என்னைத் தாண்டி, அவனையும் தாண்டி, ஓடாமல் நடந்தாள். அவன் துண்டின் ஈரம் அவள் சேலையில் பட்டிருக்கும், அவ்வளவு நெருக்கம். அப்போதுதான் சந்துக்குள் வந்து நின்ற ஆட்டோவில் பையை நான் கொடுத்தபோது அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வந்தேன். அவன் அதே இடத்தில் நின்றான்.

“அக்கா, மாடில யாரு குடியிருக்கா?”

“யாருமில்ல. பழைய சாமான் போட்டு வச்சிருக்கேன்.”

மாடியின் பின்பக்கக் கொடியில் குழந்தையின் மஞ்சள் கவுன் ஒன்று ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டோம். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சரிக்கா” என்றான். இரண்டு நாளைக்கென்று வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். காரில் ஏறும்போது மற்ற இருவரும் அவனிடம் என்னவென்று கேட்டார்கள். அவன் பதில் சொன்னதை நான் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கதவையெல்லாம் பூட்டிக்கொண்டு போனைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் போய் இரண்டு மணி நேரம் வரைக்கும் பிரிண்டர் லிஸ்ட்டில் இருந்தது. பிறகு இல்லை. அடுத்தநாளிலிருந்து தினமும் பேப்பர் வாங்கி, வேண்டாத செய்தி எதுவும் இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அவளிடமிருந்தும் எதுவும் இல்லை. அவள் பழைய போன் நம்பர் அன்றைக்கே செத்துவிட்டது.

எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டை யாராவது வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களா என்று வீட்டுக்காரர் திட்டினார். நான் மாற்றவில்லை. மாற்றினால் அண்ணன்காரன் போன் என் வாசலுக்கு வந்தாலும் எனக்குத் தெரியாமல் போய்விடும். இருந்தால்தான் எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

போன சீசனில் அது வந்தது. காலை பதினொரு மணி இருக்கும், சாரல், அறைகள் காலி. லிஸ்ட்டில் இருக்கவேண்டியது நான், டீவி, கேமரா. நாலாவதாக, வடைதிருடன்.

பின்கதவைத் தாழ் போட்டேன், முன்கதவைத் தாழ் போட்டேன், கேமராவைத் திறந்தேன். வாசல் கேட்டுக்கு வெளியே அவன் இல்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள், குடை இல்லாமல், ஒரு கையில் ஒயர்கூடையும் இன்னொரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். பையன் புதுப்போன் வாங்கினால் பழையது அம்மாவுக்குப் போவதுதானே நம் வீடுகளில் வழக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்து கேட்டுவரைக்கும் போனேன். கேட்டைத் திறக்கவில்லை.

“தாயி, எம்மவ இந்த வீட்டுல குடியிருந்தாளாம்லா?” மூக்கும் புருவமும் அதேதான்.

“யாரு சொன்னா?”

“எம்மவந்தான். ஒரு வருசமா வாயத் தொறக்காதவன் முந்தாநேத்துச் சொன்னான். அவந்தான் இன்னைக்கு பஸ் ஏத்திவிட்டான்.”

ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனானா, அடுத்த பஸ்ஸில் ஏறினானா? சாலையைப் பார்த்தேன். திருப்பத்தில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று சாரலில் தெரியவில்லை.

“பேத்தி இருக்காளாம். மாமான்னு கூப்பிட்டாளாம்” என்றாள். கூடையைத் தூக்கிக் காட்டினாள். வாழையிலை வாசமும் எண்ணெய் வாசமும் வந்தது. “இன்னைக்குச் சனிக்கெழமைலா. அவளுக்கு இதுன்னா உசுரு.”

அவள் யார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கேட்டைத் திறந்து, உள்ளே கூட்டிவந்து, உட்காரவைத்து, தலையைத் துவட்டிவிட எனக்குக் கை பரபரத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்படி யாரும் இங்கன இருந்ததில்லம்மா. இந்த வீட்டுல எப்பமும் நான் மட்டும்தான்.”

“எங்கன போனான்னாவது...”

“எனக்குத் தெரியாது.” அது ஒன்றுதான் உண்மை.

அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். கொடி வெறுமனே கிடந்தது. இலைப்பொட்டலத்தை எடுத்துக் கேட்டுக் கம்பியில் மாட்டினாள். “அவ வந்தா குடு தாயி. வரலன்னா நீ தின்னு” என்றாள். மழையில் மெதுவாக நடந்து போனாள். திருப்பத்தில் ஆட்டோவில் ஏறினாளா, தாண்டிப் போனாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. உள்ளே ஓடிவந்து தாழ் போட்டுவிட்டேன்.

பொட்டலத்தில் நாலு வடை இருந்தன. எனக்குத் தின்னவும் எறியவும் மனம் வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாள் இந்நேரம் தென்காசியையே தாண்டியிருப்பாள், அவள் கொண்டுவந்த பெயர் மட்டும் லிஸ்ட்டில் நின்றது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. பிரிண்டருக்கென்று அவள் ஒதுக்கிய ஐந்தாம் நம்பரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பாஸ்வேர்டையும் இன்னும் மாற்றவில்லை.